முத்திரை குத்தினால் போதாது: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செய்தி ஆசிரியர்களுக்கும் உண்மை சரிபார்ப்புப் பக்கங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு வீடியோ பரவுகிறது, ஒரு ஃபார்வர்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. நீங்கள் அதை எடுத்து, ஸ்க்ரீன்ஷாட்டின் மேல் சிவப்பு எழுத்தில் 'பொய்' என்றோ 'சதிக்கோட்பாடு' என்றோ குத்தி வெளியிடுகிறீர்கள். கீழே இரண்டு பத்தி இருக்கும். சம்பந்தப்பட்ட துறை இதை மறுத்திருக்கிறது, ஆகவே இது உண்மையில்லை, அவ்வளவுதான். உங்கள் வேலை தேவையான வேலை, மிரட்டலுக்கும் வழக்குக்கும் நடுவில் அதைச் செய்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள், அதெல்லாம் தெரிந்தேதான் எழுதுகிறேன். ஆனால் துறை மறுத்தது என்கிற இடத்திலிருந்து உண்மையில்லை என்கிற இடத்துக்கு ஒரே தாவாகத் தாவுகிறீர்களே, அங்கேதான் வாசகர்கள் உங்கள் கையை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கையை அடுத்து யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மறுப்பு ஆதாரமாகாது. தப்பு செய்தவரும் மறுப்பார், செய்யாதவரும் மறுப்பார். 1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாவில் தன் போர்க்கப்பல்கள் இரண்டாவது முறையாகத் தாக்கப்பட்டன என்று அமெரிக்க அரசு அறிவித்தது, சில நாட்களுக்குள் வியட்நாம் போருக்கு நாடாளுமன்றம் வழிவிட்டது. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அமெரிக்காவின் டஸ்கீகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை உண்மையைச் சொல்லவில்லை, சிகிச்சையும் தரவில்லை, பென்சிலின் புழக்கத்துக்கு வந்த பிறகும் தரவில்லை. 1954-ல் சிகரெட் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, உங்கள் ஆரோக்கியத்தில்தான் எங்களுக்கு அக்கறை என்றன. 1969-ல் அந்த நிறுவனங்களில் ஒன்றுக்குள் சுற்றிய குறிப்போ, சந்தேகம்தான் நாம் விற்கிற சரக்கு என்று பச்சையாகவே சொன்னது. இவற்றில் எதையாவது நடந்துகொண்டிருந்தபோதே ஒருவர் உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தால், துறையிடம் கேட்டிருப்பீர்கள், துறை மறுத்திருக்கும், சிவப்பு முத்திரை விழுந்திருக்கும்.

சரி, அதற்காக எல்லாமே சதிதான் என்று கிளம்புகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மேலே சொன்ன பட்டியலை அவர்களும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். அன்றைக்குப் பொய் சொன்னார்கள், ஆகவே இன்றைக்குச் சொல்வதும் பொய் என்கிறார்கள். நீங்கள் தாவுவதற்கும் அவர்கள் தாவுவதற்கும் திசைதான் வேறு. இரண்டு பேருமே கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு: அந்த உண்மைகள் கடைசியில் வெளியே வந்தது எப்படி?

டஸ்கீகீ விஷயம் அநாமதேய ஒலிப்பதிவாக வரவில்லை. அதே துறையில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1960-களின் நடுவிலிருந்து மேலதிகாரிகளுக்கு எழுதி எழுதிப் பார்த்து, ஒன்றும் நடக்காததால் பத்திரிகையாளர்களிடம் போனார். 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜீன் ஹெல்லர் பெயர் போட்டு அதை எழுதினார். அவர் பார்த்த ஆதாரங்களில் ஒரு பகுதி ஏற்கெனவே பொதுவெளியில் இருந்தது, அந்தச் சிகிச்சையற்ற 'ஆய்வின்' முடிவுகளை மருத்துவ இதழ்களில் 1936 முதலே வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள்! பெயர், தேதி, ஆவணம், கேள்வி கேட்டால் பதில் சொல்ல முன்வந்த ஓர் ஆள். சிகரெட் விஷயத்திலும் அப்படித்தான், நீதிமன்ற வழக்குகளின் வழியாக லட்சக்கணக்கான உள்பக்கங்கள் வெளியே வந்தன. அந்தப் பக்கங்கள் வருவதற்கு வெகு முன்பே, 1950-லேயே, புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் ஆய்விதழில் எண்ணோடு காட்டிவிட்டார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். சதி நிரூபணமாகும்வரை உண்மை காத்திருக்கவில்லை.

இப்போது யார் சொல்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். உங்கள் சரிபார்ப்புகளில் பாதி இதில்தான் முடிகிறது: இதைப் பரப்பியது இன்ன நாட்டின் பரப்புரைக் கணக்கு, இன்ன கட்சியின் ஐடி பிரிவு, ஆகவே நம்பாதீர்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் அதையே தீர்ப்பாக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் காத்தின் காட்டை விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

1943 ஏப்ரலில் பெர்லின் வானொலி ஓர் அறிவிப்பு செய்தது. ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகருக்குப் பக்கத்தில் காத்தின் காட்டில் ஆயிரக்கணக்கான போலந்து ராணுவ அதிகாரிகளின் உடல்கள் புதைகுழிகளில் கிடைத்திருக்கின்றன, கொன்றது சோவியத் ரகசியப் போலீஸ் என்று. சொன்னது நாஜி அமைச்சர் கோயபல்ஸின் பரப்புரை இயந்திரம், நேச நாடுகளுக்குள் பிளவு உண்டாக்கும் நோக்கத்தோடு, தாங்களே லட்சக்கணக்கானவர்களைக் கொன்றுகொண்டிருந்த அதே மாதங்களில் சொன்னது. சோவியத் அரசு உடனே மறுத்தது, இது ஜெர்மானியர்கள் 1941-ல் செய்த கொலை என்றது, 1944 ஜனவரியில் ஒரு விசாரணைக் குழு வைத்து அதையே அறிக்கையாகவும் ஆக்கிக்கொண்டது. யார் சொன்னது என்று மட்டும் பார்த்தால் கதை அங்கேயே முடிந்தது.

ஆனால் அந்த உடல்களின் சட்டைப்பைகளில் நாட்குறிப்புகள் இருந்தன, கடிதங்கள் இருந்தன, செய்தித்தாள் துண்டுகள் இருந்தன. அவற்றிலிருந்த தேதிகள் 1940-இன் வசந்த மாதங்களைத் தாண்டவில்லை. சோவியத் சிறை முகாம்களிலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கடிதங்கள் அதே மாதங்களில் நின்றுபோனது போலந்துக் குடும்பங்களுக்குத் தெரியும். ஜெர்மன் படை அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்ததோ 1941 கோடையில். இதற்கு எதிராகவும் ஒரு சான்று இருந்தது, கொல்லப் பயன்பட்ட தோட்டாக்கள் ஜெர்மன் தயாரிப்பு, அதை சோவியத் தரப்பு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்தத் தோட்டாக்கள் போருக்கு முன்பே கிழக்கே ஏற்றுமதியானவை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்தச் சான்றுக்கு வலு இல்லை. 1990 ஏப்ரல் 13 அன்று மாஸ்கோ ஒப்புக்கொண்டது. 1992-ல் ஸ்டாலின் கையெழுத்திட்ட 1940 மார்ச் 5-ஆம் தேதி ஆவணமே வெளியானது. காத்தினிலும் மற்ற இடங்களிலுமாகக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 22,000 பேர். உண்மையைச் சொன்ன வாய் கேடுகெட்ட வாய், சொன்ன நோக்கமும் கேடுகெட்டது, சொன்ன விஷயம் நடந்தது. 47 ஆண்டுகள் அந்தக் குடும்பங்களிடம் இது பரப்புரை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதன் மறுபக்கம் நயீரா. 1990 அக்டோபர் 10, வாஷிங்டன். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கூட்டிய ஓர் அவையில் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே சொல்கிறாள்: ஈராக் பிடித்துவைத்திருந்த குவைத்தில் ஒரு மருத்துவமனைக்குள் ஈராக் வீரர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள், இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துக் குளிர்ந்த தரையில் சாக விட்டுப் போனார்கள். அமெரிக்க அதிபர் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆம்னஸ்டி போன்ற பெயர் பெற்ற மனித உரிமை அமைப்பே முதலில் நம்பி வெளியிட்டது, அப்புறம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1991 ஜனவரியில் ஈராக் மீதான போருக்கான தீர்மானம் செனட்டில் 52-க்கு 47 என்று நூலிழையில் நிறைவேறியது. ஓராண்டு கழித்து, 1992 ஜனவரியில்தான், அந்தப் பெண் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், அந்த ஏற்பாட்டின் பின்னால் ஹில் அண்ட் நோல்ட்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் இருந்ததும் ஊரறிய வந்தது.

நடந்தது தெரிந்த பிறகு இதைச் சொல்வது சுலபம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கே, அந்த அறையிலேயே கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் இருந்தன. முழுப் பெயர் ஏன் இல்லை? குவைத்தில் உள்ள குடும்பத்தின் பாதுகாப்புக்காக என்றார்கள், சரி, பத்திரிகையாளர் ஒருவரிடம் வெளியிடக்கூடாது என்ற நிபந்தனையோடாவது சொல்ல முடியாதா? அந்த அவை முறையான நாடாளுமன்றக் குழுவே இல்லை, அங்கே சத்தியப் பிரமாணம் கிடையாது, பொய் சொன்னால் தண்டனை கிடையாது, இதை எத்தனை செய்திகள் ஒரு வரியிலாவது சொல்லின? அந்த மருத்துவமனையிலிருந்து தப்பி வந்த டாக்டரோ நர்ஸோ ஒருவர்கூடக் கிடைக்க மாட்டாரா? போர் முடிந்து 1991 மார்ச்சில் ஒரு தொலைக்காட்சி நிருபர் நேரில் போய் அங்கிருந்த மருத்துவர்களிடம் கேட்டார். அப்படி நடக்கவில்லை என்றார்கள். ஈராக் படை குவைத்தில் செய்த நிஜமான கொடுமைகள் ஏராளம், அவற்றுக்குச் சாட்சிகளும் இருந்தார்கள். கண்ணீர் அதிகம் வரவழைக்கிற கதைக்குத்தான் சாட்சி இல்லை.

காத்தினையும் நயீராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பொய்யர்கள் உண்மையைச் சொன்னார்கள், இன்னொன்றில் மரியாதைக்குரிய அவை பொய்யைக் கேட்டு நம்பியது. பிரித்துக் காட்டியது சொன்னவரின் தகுதி இல்லை. அவருக்கு இது எப்படித் தெரியும், அதை நாம் வேறு வழியில் போய்ப் பார்க்க முடியுமா என்பதுதான்.

இனி வதந்தி எப்படிச் செய்யப்படுகிறது என்பதற்கு. நெருப்பில்லாமல் புகையுமா என்று எல்லோரும் சொல்வதுண்டு. பரப்புரைக்காரர்கள் நம்பியிருப்பதே இந்தப் பழமொழியைத்தான், புகையை மட்டும் தனியாக உண்டாக்குவதுதான் அவர்கள் தொழில். 1983 ஜூலையில் டெல்லியிலிருந்து வந்த 'பேட்ரியாட்' நாளிதழில் ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர் பெயர் இல்லை, ஒரு பிரபல அமெரிக்க விஞ்ஞானி என்று மட்டும் இருந்தது. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க ராணுவம் ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வகத்தில் உருவாக்கியது என்றது அந்தக் கடிதம். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1985 அக்டோபரில், மாஸ்கோவின் 'லிதரத்தூர்னயா கஸேட்டா' வார இதழ் அதே கதையை எழுதி, ஆதாரமாக அந்த டெல்லி நாளிதழைக் காட்டியது. பிறகு கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு விஞ்ஞானியின் அறிக்கை சேர்ந்துகொண்டது. 1987-க்குள் 80-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஊடகங்களில் வந்துவிட்டது. எந்த நாட்டு ஆசிரியரும் அன்றைக்கு என்ன நினைத்திருப்பார்? இத்தனை பேர், இத்தனை மொழிகளில், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாமல் சொல்கிறார்களே என்றுதான். சம்பந்தம் இருந்தது. 1992-ல் ரஷ்ய வெளியுளவுத் துறைத் தலைவர் பிரிமகோவ் இதில் சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் கை இருந்ததை ஒப்புக்கொண்டார். இத்தனைக்கும் ஆப்பிரிக்காவில் இன்றைய கின்ஷாசாவில் 1959-ல் எடுத்துச் சேமித்து வைத்த ரத்த மாதிரி ஒன்றிலேயே அந்தக் கிருமி இருந்தது பின்னால் தெரிந்தது. மரபணுவை வெட்டி ஒட்டுகிற நுட்பமோ 1970-களில்தான் வந்தது, அப்படியிருக்க 1959-க்கு முன்பே அதை ஆய்வகத்தில் யார் உருவாக்கியிருக்க முடியும்?

ஆக, எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணாதீர்கள், முதலில் சொன்னவரைத் தேடிப் போங்கள். நூறு செய்திகளும் ஒரே கடிதத்தில் போய் முடிந்தால் அது ஒரே ஒரு செய்தி, அந்தக் கடிதத்துக்குப் பெயரும் இல்லையென்றால் அதுகூட இல்லை. 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவித்தன' என்று நீங்கள் எழுதுகிறபோதும் இதே அளவுகோல்தான் என்பதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். அரசு வட்டாரம் கொடுத்த ஒரே தகவலை எட்டு சேனல்கள் தனித்தனி 'பிரேக்கிங்' ஆகப் போட்டால் வாசகருக்கு எட்டு ஊற்று இருப்பதாகத் தோன்றுகிறது. அந்த எய்ட்ஸ் வதந்தி கறுப்பின அமெரிக்கர்கள் பலரிடம் ஒட்டிக்கொண்டதற்கு டஸ்கீகீ ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது, அவர்கள் நினைவில் ஒரு நிஜமான குற்றம் இருந்தது.

சில கூற்றுகள் எந்தச் சோதனைக்கும் உட்படாத மாதிரியே கட்டப்பட்டிருக்கும். அவற்றை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: எது தெரியவந்தால் இது பொய் என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்? நிலவுக்குப் போகவில்லை என்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ பாறையையும் மண்ணையும் பல நாட்டு ஆய்வகங்கள் சோதித்தன என்றால், அவர்களும் உடந்தை என்பார். 1969 ஜூலையில் சோவியத்தின் லூனா 15 கலமும் நிலவைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, பொய் என்றால் அதை அம்பலப்படுத்துவதில் அவர்களைவிட ஆசையுள்ளவர் வேறு யார் என்றால், அவர்களும் உடந்தை என்பார். எதிராக வருகிற ஒவ்வொரு சான்றும் சதியில் இன்னொரு ஆளைச் சேர்க்கிறது. காத்தின் அப்படி இல்லை, 1941 கோடைக்குப் பிந்தைய தேதியோடு ஒரே ஒரு நாட்குறிப்பு சந்தேகமில்லாமல் கிடைத்திருந்தாலும் அந்தக் குற்றச்சாட்டு ஆட்டம் கண்டிருக்கும். தோற்கத் தயாராக இருக்கிற கூற்றோடுதான் பேச முடியும்.

அப்புறம், நீங்கள் மூட்டை கட்டுகிற பழக்கம். 2020-ல் கொரோனா பற்றி வந்த பேச்சுகளை நினைத்துப் பாருங்கள். 5ஜி கோபுரம்தான் நோயைப் பரப்புகிறது என்று ஒருவர் சொன்னார், அதை நம்பி பிரிட்டனில் கோபுரங்களைக் கொளுத்தினார்கள். தடுப்பூசியில் சிப் இருக்கிறது என்றார் இன்னொருவர். ஆய்வகத்தில் நடந்த விபத்தில் கிருமி வெளியே வந்திருக்குமா என்று மூன்றாவது ஆள் கேட்டார். மூன்றையும் ஒரே மூட்டையில் போட்டு ஒரே முத்திரை குத்தியவர்கள் உங்களில் நிறைய பேர். முதல் இரண்டும் அபத்தம். மூன்றாவது விசாரிக்க வேண்டிய கேள்வி. விலங்குச் சந்தையிலிருந்து வந்திருக்கும் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன, வைரஸ் ஆய்வாளர்களில் பலர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். ஆனாலும் சீனாவிடமிருந்து வர வேண்டிய தரவுகள் வராததால் உலக சுகாதார நிறுவனத்தின் குழு இன்னும் எந்த வாய்ப்பையும் முழுதாகத் தள்ளவில்லை. ஃபேஸ்புக் 2021 பிப்ரவரியில் மனிதர் உருவாக்கிய கிருமி என்ற பதிவுகளை நீக்கத் தொடங்கி, மே மாதம் அந்த விதியைக் கைவிட்டது. அந்த நாளில் கேலியாகச் சிரித்தவர்கள் தடுப்பூசிக்கு எதிரானவர்கள். பார், இதையும் பொய் என்றார்கள், இப்போது மாற்றிவிட்டார்கள், சிப் விஷயமும் ஒருநாள் மாறும் என்றார்கள். நீங்கள் கட்டிய மூட்டையை அவர்கள் அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள்.

இதன் விலை எவ்வளவு பெரியது என்று நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. 1917-ல், முதல் உலகப் போரின்போது, ஜெர்மனி தன் படைவீரர்களின் பிணங்களையே காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறது என்று பிரிட்டிஷ் நாளிதழ்கள் எழுதின. 1925-ல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் நாடாளுமன்றத்திலேயே அதற்கு அடிப்படையில்லை என்று ஏற்றுக்கொண்டார். அடுத்த போரில், போலந்தில் மக்களை விஷவாயு கொண்டு கொல்கிறார்கள் என்ற தகவல்கள் வந்தபோது, 1943-ல் பிரிட்டிஷ் உளவுத்துறையின் உயர் அதிகாரி ஒருவர், இது போன போரின் பிணக்கொழுப்புக் கதையை நினைவூட்டுகிறது என்று எழுதினார். அந்தத் தகவல்கள் உண்மை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. துறையின் மறுப்பை மறுப்பு என்றே போடுங்கள், நீங்கள் கேட்ட எந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லவில்லை என்பதையும் அடுத்த வரியிலேயே போடுங்கள். ஒரு கூற்று பொய் என்றால் எந்த இடத்தில் உடைகிறது என்று காட்டுங்கள், தேதியா, இடமா, பழைய படமா, இல்லாத ஆளா; வாசகர் தானே போய்ப் பார்க்கிற அளவுக்குக் காட்டுங்கள். பொய், உண்மை என்ற இரண்டு முத்திரைகளோடு 'இன்னும் தெரியவில்லை' என்பதற்கும் இடம் வையுங்கள், அதை வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள், எது கிடைத்தால் தெரியவரும் என்பதையும் சொல்லுங்கள். தன் துறையின் தப்பை உள்ளிருந்தே அம்பலப்படுத்துகிறவர் ஒருவர் பெயரோடும் ஆவணத்தோடும் வந்தால் அவருடைய கட்சியையும் சாதியையும் தோண்டுவதற்கு முன் ஆவணத்தைப் படியுங்கள்.

பழைய பக்கங்களுக்கும் திரும்பிப் போங்கள். நீங்கள் பொய் என்று போட்டவற்றில் பின்னால் வேறு சான்று வந்தவை எவை, உண்மை என்று விட்டவற்றில் உடைந்தவை எவை என்று எடுத்து, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், தேதி போட்டுத் திருத்துங்கள். சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள், அழித்தால் அதன் ஸ்க்ரீன்ஷாட் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்